ஞானமேருவின் காத்திருப்புத் துறை

எட்மண்ட் சாரின் கைப்பேசிக்கு அந்த மின்னஞ்சல் வந்தபோது காலை ஏழே கால் மணி. அடுப்பில் இரண்டாவது ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. "வாழ்த்துகள்!" என்று பெரிய எழுத்தில் தொடங்கி, திரை முழுக்கக் கலர் காகிதத் துண்டுகளைக் கொட்டிவிட்டு, மூன்றாவது பத்தியில்தான் அது விஷயத்துக்கு வந்தது. ஞானமேரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். தரவு அறிவியல் படிப்புக்கு விண்ணப்பித்திருந்த செல்வி ஜெரூஷா எட்மண்ட், கடும் போட்டிக்கிடையே, காத்திருப்போர் பட்டியலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். வரிசை எண் 412.

எட்மண்ட் தாம்பரத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் புவியியல் வாத்தியார். வரிசை, முத்திரை, கையெழுத்து ஆகிய மூன்றின் மீதும் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. இந்த மூன்றும் ஒரு தாளில் இருந்துவிட்டால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட மாட்டார். இப்படிப்பட்ட மனிதர்களை நம்பித்தான் நாட்டில் பல பெரிய கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன.

"யூனிஸ்! பாப்பாவுக்குக் கிடைச்சிடுச்சு!"

"என்ன கிடைச்சிடுச்சு?"

"வெயிட்டிங் லிஸ்ட்!"

யூனிஸ் தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை பார்ப்பவள். எந்த உறையைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கும் பழக்கம் அவளுக்கு. "அப்படின்னா கிடைக்கலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டை இறக்கினாள்.

ஜெரூஷா பல் தேய்த்துக்கொண்டே வந்து கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தவள் அவள். "மொத்தம் அறுபது சீட், டாடி. நான் நானூத்திப் பன்னண்டு. ஏழு தடவை ஒரு கிளாஸ் மொத்தமா எழுந்திரிச்சு ஓடினாத்தான் என் பேர் வரும். அப்படி ஏழு தடவை ஓடுற இடத்துக்கு நான் எதுக்குப் போகணும்?"

"கடும் போட்டின்னு போட்டிருக்கான் பாரு" என்றார் எட்மண்ட்.

அன்று மத்தியானத்துக்குள் சபையின் வாட்ஸப் குழுவில் செய்தி போய்விட்டது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்கள் ஜெரூஷா ஞானமேருவில் தேர்வாகியிருக்கிறாள்." காத்திருப்போர் பட்டியல் என்ற சொல் எப்படியோ விட்டுப்போயிருந்தது. முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பிப் படம் அனுப்பினார்கள். பாடகர் குழுவில் பாரிட்டோன் பாடுபவர் கேக் கேட்டார். அவ்வளவு வாழ்த்துக்குப் பிறகு பின்வாங்குவது எட்மண்டுக்கு மரியாதையாகப் படவில்லை.

மின்னஞ்சலோடு "இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை" என்று பதினொரு பக்கக் கையேடு ஒன்றும் வந்திருந்தது. முதலில் மாணவர் மகிழ்ச்சி அடைய வேண்டும். அதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் கெடு. மகிழ்ச்சி அடைந்துவிட்டதை இணையதளத்தில் அதற்கென்று உள்ள கட்டத்தில் குறியிட்டு உறுதி செய்ய வேண்டும். பிறகு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் நேரில் ஒப்படைத்துக் காத்திருப்பை உறுதிப்படுத்த வேண்டும்.

"ஒரிஜினலைக் கையை விட்டுக் குடுக்காதீங்க" என்றாள் யூனிஸ். "சீட்டே குடுக்காதவனுக்கு எதுக்குங்க டி.சி.?"

"சீல் வெச்சு ரசீது தருவாங்க, யூனிஸ்."

"டாடி, ஜெராக்ஸ் குடுங்க, போதும்" என்றாள் ஜெரூஷா.

"ஜெராக்ஸ் குடுத்தா ஆர்வம் இல்லைன்னு நினைச்சுப்பாங்க, பாப்பா."

ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரியைத் தாண்டி, பிறகு உள்ளே திரும்பி, பாதி ஏரியையும் மீதிப் பாதியில் போட்டிருந்த பல்கலைக்கழக வாகன நிறுத்துமிடத்தையும் கடந்து போனால் ஞானமேரு. முகப்பில் எட்டு மாடிக்கு ஒரு கோபுரம், அதன் உச்சியில் திறந்த புத்தகம் ஒன்று, புத்தகத்தின் மேல் ஒரு செல்போன் டவர். அங்கேதான் காத்திருப்புத் தொடக்க விழா நடந்தது. கலையரங்கில் நாற்காலிகளை வரிசை எண்படி போட்டிருந்தார்கள். 412 ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. எல்லார் கழுத்திலும் ஆரஞ்சு நிறப் பட்டையில் அட்டை தொங்கியது. சேர்க்கை பெற்றவர்களுக்கு நீலப் பட்டையாம். அதை அணிந்த ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று பெற்றோர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

மேடையில் பேசியவர் பேராசிரியர் முனைவர் ராஜாராமன். அவருடைய பதவியின் பெயர் காத்திருப்பு விவகாரங்களின் புல முதல்வர்.

"காத்திருப்பு என்பது சேர்க்கைக்கு முந்தைய நிலை என்று வெளியுலகம் கொச்சையாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ஞானமேருவில் காத்திருப்பு ஒரு தனித் துறை. இந்தத் துறைக்கு மட்டும் பன்னிரண்டு பேராசிரியர்கள். எங்கள் மொத்தப் பேராசிரியர்களே பதினான்கு பேர்தான் என்றால், உங்கள் குழந்தைகள் மீது எங்களுக்கு எவ்வளவு அக்கறை என்று பாருங்கள்! மீதி இருவரில் ஒருவர் நம் துணைவேந்தர். இன்னொருவர் துணைவேந்தரின் மருமகள். அவர் பேறுகால விடுப்பில் இருக்கிறார்."

கைதட்டல் அரங்கைப் பிளந்தது. எட்மண்டும் தட்டினார்.

பிறகு உறுதிமொழி. பெற்றோரும் பிள்ளைகளும் எழுந்து வலது கையை நீட்டிச் சொன்னார்கள். "நான் காத்திருப்பேன். என் எண் ஏறினாலும் இறங்கினாலும் முகம் சுளிக்க மாட்டேன். எப்போது என்று கேட்க மாட்டேன். என்னைவிடச் சிறந்த ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று உளமார நம்புவேன்." எட்மண்டின் குரல் நன்றாகவே கேட்டது. பக்கத்தில் ஜெரூஷாவின் உதடு அசையவில்லை. அவள் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் அசல் சான்றிதழ்களை வாங்கி, பார்த்து, அடுக்கி, ஆள் உயர இரும்பு பீரோ ஒன்றில் வைத்துப் பூட்டினார்கள். ரசீது கொடுத்தார்கள். அதில் இரண்டு முத்திரைகள் இருந்தன. எட்மண்ட் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டபோது, ஒரு கடமையை முடித்த நிம்மதி அவருக்கு வந்தது. என்ன மனிதர்!

அடுத்த ஐந்து சனிக்கிழமைகளும் காத்திருப்பு வகுப்பு. எழுபத்தைந்து சதவீத வருகைப் பதிவு கட்டாயம். குறைந்தால் பட்டியலில் இருந்து நீக்குவார்களோ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை, நீக்க மாட்டார்கள், எண்ணை மட்டும் இறக்குவார்கள் என்று கையேடு ஆறுதல் சொல்லியது. வகுப்பில் பாடம் ஏதுமில்லை. உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இரண்டு பேராசிரியர்கள் நடந்துகொண்டே குறிப்பெடுப்பார்கள்.

இதைத் தவிர ஒவ்வொரு வாரமும் "தொடரும் ஆர்வக் கடிதம்" ஒன்று கொடுக்க வேண்டும். ஜெரூஷா முதல் வாரம் எழுதிய கடிதம் இது: "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆர்வம் இருக்கிறது. இல்லாவிட்டால் சனிக்கிழமை இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். நன்றி." சிவப்பு மையில் குறிப்போடு அது திரும்பி வந்தது. "ஆர்வம் மிதமானது. உணர்ச்சி போதாது. குடும்பத்தின் தியாகம் பற்றி ஒரு வரிகூட இல்லை."

இரண்டாம் வாரக் கடிதத்தை எட்மண்டே எழுதினார். ஆறு பக்கம். ஞானமேருவின் கோபுரத்தை முதன்முதலில் பேருந்து சன்னலிலிருந்து கண்ட நாள், அன்றிரவு உறக்கம் வராமல் புரண்டது, தாயின் இரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருந்தன. யூனிஸுக்கு இரத்த அழுத்தமே கிடையாது. அந்தக் கடிதத்துக்கு "மிக நன்று, நெகிழ்ந்தோம்" என்று குறிப்பு வந்தது. எண் 412 லிருந்து 409 ஆனது. எட்மண்ட் வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கிப் போனார். ஜெரூஷா அதைத் தொடவில்லை.

மூன்றாம் வாரம் எண் 431. வேந்தரின் சகலை வீட்டு வகையில் இருபத்திரண்டு பிள்ளைகள் திடீரென்று காத்திருக்க முன்வந்துவிட்டார்கள். எட்மண்ட் உறுதிமொழியை நினைத்து முகம் சுளிக்காமல் இருந்தார்.

பெற்றோர் பகுதியில் அவருக்கு அறிமுகமானவர் காமு. பம்மலில் டெய்லரிங் யூனிட் வைத்திருப்பவர். அவர் மகன் பிரணவ் எண் 297.

"உங்களோடது இந்த வருஷ பேட்ச்சா, சார்?" என்று கேட்டார் காமு.

"ஆமாம்மா. உங்களோடது?"

"எங்க பிரணவ் செகண்ட் இயர்."

"செகண்ட் இயரா! சீட் கிடைச்சிடுச்சா?"

"இல்ல சார், செகண்ட் இயர் வெயிட்டிங். போன வருஷம் நானூத்தி எழுபது. கடகடன்னு முன்னாடி வந்துட்டான்" என்றார் அந்த அம்மா, முகமெல்லாம் மலர. "போன ஆண்டு விழாவுல 'சிறந்த காத்திருப்பாளர்'னு மெடல் குடுத்தாங்க. துணைவேந்தர் கையால. பிரேம் போட்டு மாட்டியிருக்கோம்."

பிரணவ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயசு. முதுகு நேராக, கைகள் முட்டியின் மேல், கண் எதையும் பார்க்காமல். குறிப்பெடுக்கும் பேராசிரியர் அவனைக் கடக்கும்போது மற்றவர்களுக்குக் காட்டி, "இப்படி!" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் காட்சியைப் பார்த்து எட்மண்டுக்கு என்ன வந்தது தெரியுமா? பொறாமை வந்தது. நம்ம பாப்பா இப்படி உட்காரமாட்டேன் என்கிறாளே என்று நினைத்தார். அதை அவரே பிற்பாடு யூனிஸிடம் சொல்லி அழுதார், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

இதற்கிடையில் ஜெரூஷா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அரசுக் கல்லூரிக் கலந்தாய்வுக்குப் போய்விட்டு வந்தாள். நகரத்துக்குள் இருக்கும் ஒரு அரசு மகளிர் கல்லூரி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டாடி! பி.எஸ்ஸி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கிடைச்சிடுச்சு. வெயிட்டிங் கிடையாது. சீட்! நான் கேட்டதே இதுதான், டாடி. அந்த டிபார்ட்மெண்ட் மேடம் என் மார்க்கைப் பாத்துட்டு, 'வா வா'ன்னாங்க. அப்படியே 'வா வா'ன்னாங்க!"

எத்தனை மாதம் கழித்து அந்தப் பெண் இவ்வளவு பேசுகிறாள் என்று எட்மண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கண்கள் கலங்கின.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் குடுக்கணும்" என்றாள் யூனிஸ். "இல்லைன்னா சீட் அடுத்த ஆளுக்குப் போயிடும். கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

"அவ்வளவுதானே? நாளைக்கே லீவு போட்டு வாங்கிட்டு வந்துடறேன். ரசீது இருக்கு, ரெண்டு சீல் இருக்கு."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் ஞானமேருவின் விலகல் கவுன்ட்டர் முன் நின்றார். உள்ளே இருந்த பெண் ரசீதைப் பார்க்கவே இல்லை. ஒரு படிவத்தையும் சாம்பல் நிறப் பட்டை ஒன்றையும் நீட்டினாள்.

"உங்க நம்பர் முப்பத்தெட்டு சார்."

"எதுல முப்பத்தெட்டு?"

"விலகுறவங்க வெயிட்டிங் லிஸ்ட்ல. சனிக்கிழமை ஓரியன்டேஷன் இருக்கு. வாராவாரம் விலகல் ஆர்வக் கடிதம் குடுக்கணும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை சர்டிபிகேட் வேணும்மா!"

"அவ்வளவு அவசரமா விலகுறவங்களுக்கு உண்மையான விலகல் ஆர்வம் இருக்காதுன்னு டீன் சார் சொல்லியிருக்கார்."

"முதல் நம்பர் யாரு? அவங்க எப்ப விலகுவாங்க?"

"அவங்க போன வருஷ பேட்ச் சார். இப்ப விலகுற எண்ணத்தை மாத்திக்கிட்டாங்க. அதுக்கு எழுதிக் குடுத்துட்டு வெயிட் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள்.

எட்மண்ட் சாம்பல் பட்டையையும் கழுத்தில் போட்டுக்கொண்டார். என்னத்தைச் சொல்ல? கொடுத்தார்கள், போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமையும் போனார். இங்கே இடம் கிடைத்துப் படிக்கும் மாணவன் யாரையாவது பிடித்து, சான்றிதழை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்கலாம் என்று தோன்றியது. வளாகம் முழுக்கச் சுற்றினார். நீலப் பட்டை ஒன்றும் கண்ணில் படவில்லை. வகுப்பறைக் கட்டடத்தின் வாசலில் காவலாளி கேசவன் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், ரொம்ப நேரமா சுத்திகினு கீற?"

"இங்க படிக்கிற பசங்க எங்கப்பா இருப்பாங்க?"

"படிக்கிற பசங்களா?" கேசவன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் இங்க டூட்டிக்கு வந்து மூணு வருசம் ஆவுது சார். ஒரு புள்ள உள்ள வந்து நான் பாத்ததில்ல. வர்றவன் பூரா ஆரஞ்சு கயிறுதான். வந்து, குந்திகினு, பூடுவான்."

"கிளாஸ் ரூம்?"

"கீது சார், சோக்கா கீது. ஏசி கீது, பெஞ்சு கீது. பெஞ்சு மேல பிளாஸ்டிக்கூட பிரிக்கல. மத்தியானத்துல நான்தான் போய் படுப்பேன்."

எட்மண்ட் கண்ணாடிச் சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். அறுபது பெஞ்சுகள். எல்லாவற்றின் மேலும் கம்பெனி உறை. ஒரு பெஞ்சில் மட்டும் உறை கசங்கி, தலையணை அளவுக்கு மடித்து வைத்த துண்டு ஒன்று இருந்தது. என்னைவிடச் சிறந்த ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று கையை நீட்டிச் சொன்னது அவர் காதிலேயே கேட்டது. அருவருப்பில் வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடம் தேடினார். இங்கே துப்பாதீர் என்று சுவரெங்கும் நான்கு மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜெரூஷாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் புல முதல்வரின் அறைக்கு வெளியே காலையிலிருந்து உட்கார்ந்தார். இரண்டரை மணிக்கு உள்ளே விட்டார்கள். ராஜாராமன் அறைக்குள்ளும் மேடையில் பேசுவது போலவே பேசுபவர்.

"உங்கள் மகள் ஞானமேருவில் சேர்ந்திருக்கிறாரா?"

"இல்லையே, சார்."

"சேராத ஒருவர் எப்படி விலக முடியும்? சான்றிதழைத் திரும்பக் கேட்கும் உரிமை, விதி பதினான்கின்படி, சேர்ந்த மாணவருக்கு மட்டுமே உண்டு. உள்ளே வராத ஒருவர் வெளியே போகிறேன் என்பது தர்க்கப் பிழை. நீங்கள் ஓர் ஆசிரியர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

"அப்ப சேராதவளோட சர்டிபிகேட் உங்ககிட்ட எதுக்கு சார் இருக்கு?" என்று கேட்டாள் ஜெரூஷா.

"நல்ல கேள்வி. ஆர்வம் என்று வாயால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எது கையில் இல்லாவிட்டால் நீங்கள் வேறெங்கும் போக முடியாதோ, அதை எங்களிடம் கொடுக்கிறீர்களே, அதற்குப் பெயர்தான் ஆர்வம். அந்த பீரோவைத் திறந்துவிட்டால் நாளைக்கே இங்கே ஒரு ஆர்வமும் மிஞ்சாது. துறையையே மூட வேண்டியிருக்கும். பன்னிரண்டு குடும்பங்கள், யோசித்துப் பாருங்கள்."

இந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். எட்மண்ட் என்ன செய்தார் என்றால், விதியை யோசித்தார். இருபத்தாறு வருடமாக வருகைப் பதிவேட்டில் கோடு போட்ட மூளை அது. விதிக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது என்று அதற்குப் பட்டது. எழுந்து நின்று, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்:

"அப்ப சேர்த்துக்கோங்க சார். அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் சேர்த்துக்கோங்க. சேர்ந்த மாணவியா ஆனதும், விதி பதினாலுப்படி நாங்க விலகிக்கிறோம்."

ராஜாராமனின் கையிலிருந்த பேனா மேசையில் விழுந்தது. "சேர்ப்பதா?" என்றார்.

துணைவேந்தர் சூர்யநாராயணன் அறைக்கு விஷயம் போயிற்று. இவர்களும் போனார்கள். அவர் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் நூற்றுக்கு மூன்று பேரை, நான்கு பேரைச் சேர்க்கின்றன. தரத்தில் அவ்வளவு தளர்வு! ஞானமேருவின் சேர்க்கை விகிதம் பூஜ்யம். விண்ணப்பிக்கும் ஒருவரைக்கூட நாங்கள் சேர்ப்பதில்லை. எங்கள் வகுப்பறையில் ஒரு மாணவர் தோற்றதில்லை. எங்கள் விடுதியில் ஒரு புகார் வந்ததில்லை. இந்தச் சாதனையை ஒரு பெண்ணுக்காக நான் உடைக்க வேண்டுமா?"

ராஜாராமன் குனிந்து, "ஐயா, திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. குறைந்தது ஒரு மாணவரையாவது பார்க்க வேண்டும் என்று போன முறையே வற்புறுத்தினார்கள்" என்றார்.

"போன முறை யாரைக் காட்டினோம்?"

"உங்கள் ஓட்டுநரின் மகனை, ஐயா. அவனுக்கு இப்போது கல்யாணம் ஆகி, துபாய் போய்விட்டான்."

துணைவேந்தர் ஜெரூஷாவை முதன்முறையாகப் பார்த்தார். "கண்ணாடி போட்டிருக்கிறார். நல்லது. மாணவி மாதிரியே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தலையசைத்தார்.

சேர்க்கைப் படிவம் தேடினார்கள். அப்படி ஒன்று அச்சடித்ததாக யாருக்கும் நினைவில்லை. கடைசியில் தொடக்க விழா அழைப்பிதழ்க் கட்டுக்கு அடியிலிருந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஒன்று கிடைத்தது. மணி நாலே கால். எட்மண்ட் கையெழுத்துப் போட்டார். "இந்தாங்க சார். சேர்ந்தாச்சு. இப்ப விலகல் கடிதம் எழுதித் தர்றேன்."

"ஒரு நிமிடம்" என்றார் ராஜாராமன். "இதற்கு ஒரு விழா இருக்கிறது."

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆர்வக் கடிதம் கொடுக்க வந்திருந்த பெற்றோர்களும் பிள்ளைகளுமாக நூறு பேருக்கு மேல் கலையரங்குக்கு ஓடிவந்தார்கள். ஜெரூஷாவின் ஆரஞ்சுப் பட்டையைக் கழற்றி, துணைவேந்தர் தன் கையால் நீலப் பட்டையை மாட்டினார். எங்கிருந்தோ ரோஜா மாலை வந்தது. எட்மண்டுக்கு ஒரு பொன்னாடை. அவர் அதை விலக்கிவிட்டு ராஜாராமனின் முழங்கையைப் பிடித்தார்.

"சார், சர்டிபிகேட்! நாலே முக்கால் ஆச்சு சார்!"

"அதைப் பற்றி இனி நீங்கள் கவலையே பட வேண்டாம்" என்றார் ராஜாராமன் கனிவாக. "காத்திருப்போர் சான்றிதழ்கள் சாதாரண பீரோவில் இருக்கின்றன. சேர்ந்த மாணவரின் சான்றிதழுக்கு வங்கி லாக்கர். சற்று முன் ஆள் எடுத்துப் போய்விட்டார். விதி பதினைந்து. நான்கு வருடமும் பத்திரமாக இருக்கும். விலகல் விண்ணப்பத்தை முதல் செமஸ்டர் முடிவில் பரிசீலிப்போம்."

"ஏமாத்திட்டீங்களே சார்" என்றார் எட்மண்ட். அது கைதட்டலில் கேட்கவில்லை. கூட்டமோ குதூகலத்தில் இருந்தது. ஒருவர் உள்ளே போய்விட்டதால் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஒரு எண் ஏறியிருந்தார்கள். ஆளாளுக்கு வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். காமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கைகூப்பி நின்றார். கண்ணில் தண்ணீர்.

"சார், என்ன சார் பண்ணீங்க? எங்களுக்கும் சொல்லுங்க சார். ரெண்டு வருஷம் சார்!"

"ஒண்ணும் பண்ணலம்மா" என்றார் எட்மண்ட். "வெளியில போறோம்னு கேட்டோம். அவ்வளவுதான். அந்தப் பையனைக் கூட்டிட்டு நீங்களும் போயிடுங்கம்மா. இங்க உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாம் பொய். தயவுசெஞ்சு போயிடுங்க."

காமு ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, "விலகுறேன்னு சொன்னா உள்ள எடுத்துக்கறாங்களாம்!" என்று திரும்பிக் கத்தினார். அரங்கம் அப்படியே எழுந்தது. நாற்காலிகள் சாய, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, செருப்பறுந்தவர்கள் செருப்பை விட்டுவிட்டு, எல்லாரும் விலகல் கவுன்ட்டரை நோக்கி ஓடினார்கள். அங்கே வரிசை போடச் சொல்லி ராஜாராமன் ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது. சாம்பல் பட்டை போதவில்லையாம்.

காலி அரங்கில் அப்பாவும் பெண்ணும் நின்றார்கள். ஜெரூஷாவின் கைப்பேசி அடித்தது. அவள் ஒலியைக் கூட்டி வைத்தாள். அந்த மகளிர் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா.

"ஜெரூஷாவாம்மா? மணி அஞ்சாகப் போகுது. எங்கம்மா இருக்கே? வழியில இருந்தா சொல்லு, நான் ஆறு வரைக்கும் ஆபீஸைப் பூட்டாம வெச்சிருக்கேன். உனக்கு அடுத்த ரேங்க் ஒரு பொண்ணு, நித்யஸ்ரீன்னு, காலையிலேர்ந்து வாசல்லயே உக்காந்திருக்கு. நீ வர்றேன்னா அதை வீட்டுக்கு அனுப்பிடறேன். வந்துடுவியா?"

ஜெரூஷா அப்பாவைப் பார்த்தாள். எட்மண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வர்றோம்னு சொல்லு என்று சொல்ல வாயெடுத்தார், எதை எடுத்துக்கொண்டு வருவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அவள் மாலையைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்தாள். அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

"வர முடியாது, மேடம். அவளைக் கூப்பிட்டுக் குடுத்துடுங்க" என்றாள். "இப்பவே கூப்பிடுங்க மேடம். ஆறு மணி வரைக்கும் உக்கார வைக்காதீங்க."